ஸ்மார்ட் மீட்டரும் வீட்டு அந்தரங்கமும்

ஒரு வீட்டில் செலவாகும் மின்சாரத்தைக் குறித்த இடைவெளிகளில் தானே பதிவு செய்து, தொலைத்தொடர்பு வழியாக மின் நிறுவனத்துக்கு அனுப்பும் கருவி ஸ்மார்ட் மீட்டர் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இக்கருவி மாதிரித் திட்டமாகப் பெருமளவில் பொருத்தப்பட்ட இடம் சென்னை தியாகராய நகர். மின்சாரத்தை அளக்கும் முறை மாறியபோது வீட்டைப் பற்றி வெளியே செல்லும் செய்தியின் தன்மையும் மாறியது. அந்த மாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

அட்டையில் குறித்த காலம்

1957 ஜூலை 1 அன்று மாநில மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. சுழலும் தட்டு கொண்ட பழைய மீட்டரில் தெரிந்தது ஒரே ஒரு எண்தான். மயிலாப்பூரிலும் அடையாறிலும் மின் கணக்கீட்டாளர் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வந்து, அந்த எண்ணைப் பார்த்து வீட்டிலிருக்கும் வெள்ளை அட்டையில் எழுதிச் செல்வார். ஆண்டுக்கு 6 பதிவுகள். அதிலிருந்து பெரிய குடும்பமா, சிறிய குடும்பமா என்று ஓரளவு ஊகிக்கலாம். நேற்றிரவு வீட்டில் ஆள் இருந்தார்களா என்று சொல்ல முடியாது. கணக்கெடுக்க ஆள் வருவதும் வீட்டாருக்குத் தெரிந்தே நடந்தது.

தியாகராய நகரில்

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சென்னையில் சிறப்புக் கவனம் பெற்ற பகுதி தியாகராய நகர். அதன் தொடர்ச்சியாக, 2020களின் தொடக்கத்தில் அங்குள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகளுக்கு இவ்வகை மீட்டர்களைப் பொருத்தும் பணி நடந்தது. 2021இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மின் விநியோகச் சீரமைப்புத் திட்டம், நாடு முழுவதும் 25 கோடி மீட்டர்களை இலக்காகக் கொண்டது.

இதனால் நன்மைகள் உண்டு. கணக்கெடுக்க ஆள் வர வேண்டியதில்லை. மின்தடையும் மின்திருட்டும் விரைவில் தெரியவரும். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் விதிக்கவும் முடியும்.

எண்கள் சொல்லும் செய்தி

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவானால் நாளுக்கு 48, ஆண்டுக்கு 17,520 பதிவுகள். 15 நிமிட இடைவெளியானால் 35,040. இந்த வரிசையைப் பார்த்தாலே வீட்டார் எப்போது எழுகிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள், ஏசி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பன புலப்படும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்க ஒரு மூத்த தம்பதியர் இரண்டு மாதம் போய்விட்டால், அந்த வீடு பூட்டிக் கிடப்பதும் அதில் தெரியும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஆய்வு செய்த ஜார்ஜ் ஹார்ட், 1980களில் மொத்த மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களைக் கொண்டே எந்தக் கருவி இயங்குகிறது என்று பிரித்தறியும் முறையை உருவாக்கினார். இதற்கு மிக நெருக்கமான இடைவெளியில் பதிவுகள் தேவை. தம் முறை வீடுகளை வேவு பார்க்கவும் பயன்படக்கூடும் என்று 1989இலேயே எச்சரித்தவரும் அவரே.

பிற நாடுகளின் அனுபவம்

நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை, அந்தரங்கக் காரணங்களுக்காக 2009இல் அந்நாட்டு மேலவை ஏற்கவில்லை. பின்னர் மீட்டரை மறுக்கும் உரிமையை மக்களுக்கு அளித்தே சட்டம் வந்தது. அமெரிக்காவின் நேப்பர்வில் நகர வழக்கில், 15 நிமிடப் பதிவுகளைத் திரட்டுவது வீட்டைச் சோதனையிடுவதற்கு ஒப்பானது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மின் விநியோகத்துக்காகச் செய்யப்படுவதால் அது நியாயமானதே என்று அனுமதித்தது. இடைவெளி குறைந்தாலோ, காவல்துறைக்குத் தரவு எளிதில் கிடைத்தாலோ முடிவு மாறக்கூடும் என்றும் சொன்னது.

இந்தியாவில் சட்டத்தின் நிலை

நீதிபதி புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் மின் இணைப்பு எண்ணுடன் ஆதார் எண்ணை இணைக்கும் முகாம்கள் தொடங்கின. இதனால் ஒரு கதவெண்ணுக்கு உரியதாக இருந்த கணக்கு, ஒரு தனிமனிதரின் அடையாளத்தோடும் சேர்ந்தது.

2023 ஜூனில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையேனும் தொலைவிலிருந்து கணக்கெடுத்து, அத்தரவை நுகர்வோருக்கும் தர வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். தியாகராய நகர் வீடுகளில் மீட்டர் முதலில் வந்தது. பாதுகாப்பு பின்னால் வருகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

மீட்டரைப் பொருத்திப் பராமரித்துத் தரவு திரட்டும் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கும் முறை நாட்டில் பரவி வருகிறது. வேறொருவரைக் கொண்டு வேலையைச் செய்வித்தாலும், தரவு எதற்கு, எப்படிப் பயன்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் நிறுவனமே பொறுப்பு என்பது புதிய சட்டத்தின் நிலை. ஆகவே நுகர்வோர் தம் மின் நிறுவனத்திடம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எவ்வளவு இடைவெளியில் பதிவாகிறது? யார் பார்க்கிறார்கள்? எத்தனை காலம் வைத்திருப்பார்கள்? கணக்கெடுப்பும் விநியோகமும் தவிர வேறு எதற்கேனும் பயன்படுகிறதா? பில் போடுவதற்கு மாதத்தின் மொத்த யூனிட் போதும். நேரவாரிக் கட்டணமானால் நேரவாரியான மொத்தம் போதும். அதற்கு மேல் திரட்டப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் காரணம் சொல்ல வேண்டியது திரட்டுபவரின் கடமை.