ஜவ்வாது மலையில் பள்ளிக் கணினிக் கல்வி

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மலையாளி பழங்குடியினரே இங்கு பெரும்பான்மையோர். இந்த மலைப் பள்ளிகளுக்கும் சேர்த்தே தமிழ்நாடு மேல்நிலை வகுப்பில் கணினியை ஒரு பாடமாக வைத்தது. 'கம்ப்யூட்டர் குரூப்' என்பது அதன் வழக்குப் பெயர்.

மாநிலத்தில் பிளஸ் டூ முறை 1978-இல் வந்தது. 1984-85-இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டம் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. அது வெள்ளோட்டம் மட்டுமே. 1990களின் இறுதியில்தான் மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் வழியே, தனியார் ஒப்பந்தத்தில், அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கணினி ஆய்வகங்கள் பரவலாக வரத் தொடங்கின. சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி தமிழ் 99 விசைப்பலகையை முன்வைத்ததும் அதே காலத்தில்தான்.

பாடத்திட்டம் பல முறை மாறியது. ஒரு தலைமுறை மாணவர்கள் ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸும் படித்தார்கள். 2018-19-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் பிளஸ் டூவுக்கு பைத்தான் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் கையிலேயே கருவியைக் கொடுத்தது. அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டில் முதல் கணினி பிள்ளையின் பெயரில் வந்தது சின்ன விஷயமல்ல.

உயர்ந்த அறிவியல் கருவி மலைக்குப் புதிதல்ல. இம்மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986-இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி, வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் வானாய்வகத்துக்கு ஒரே நிர்வாகம், பள்ளிகளுக்கு அப்படியில்லை. பள்ளிக்கல்வித் துறை, பழங்குடியினர் நலத்துறை, வனத்துறை என மூன்று துறைகளின் பள்ளிகள் மலையில் உள்ளன. உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத்துறையைச் சேர்ந்தவை. சிதறிய ஊர்களிலிருந்து தினமும் நடந்து வர முடியாத பிள்ளைகளுக்கு அவையே வழி. இப்படிப்பட்ட இடத்தில் 'எல்லாப் பள்ளிக்கும் கணினிப் பாடம்' என்ற கொள்கையை நிறைவேற்றுவது மின்சாரம், சிக்னல், ஆசிரியர் ஆகிய மூன்றும்தான். கருவி வாங்குவது அவற்றைவிட எளிதான வேலை.

ஆசிரியர் நியமனம் மாநிலம் முழுக்கவே இழுபறியாக இருந்தது. ஆரம்பத்தில் கணினி கற்பித்தவர்கள் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். 2019-இல் 814 கணினிப் பயிற்றுநர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் இணையவழித் தேர்வு நடத்தியது. கணினி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் தேர்வே சில மையங்களில் தொழில்நுட்பக் கோளாறில் சிக்கி, அங்கே மறுதேர்வு வைக்க நேர்ந்தது.