ஆறடி மனிதன்... ஓர் அங்குலம்!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆறடி உயர மனிதர் ஒருவரை ஓர் அங்குலமாகச் சுருக்க வேண்டும். எத்தனை மடங்கு சுருக்குவீர்கள்? அடிக்கு 12 அங்குலம், ஆறடிக்கு 72. ஆக, எழுபத்திரண்டில் ஒரு பங்கு! இந்த 1/72 என்கிற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குள்ளே ஒரு பெரிய யுத்தம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் டெல்ஃபோர்ட் என்றோர் ஊர். 1779-ல் கட்டிய புகழ்பெற்ற இரும்புப் பாலம் இருப்பது இதன் பக்கத்தில்தான். ஆண்டுதோறும் நவம்பரில் இங்கே ஒரு திருவிழா நடக்கும். பெயர் ‘ஸ்கேல் மாடல்வேர்ல்ட்’. சர்வதேச பிளாஸ்டிக் மாடல் கலைஞர்கள் சங்கத்தின் பிரிட்டிஷ் கிளை நடத்துகிறது. வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம்.

‘ஏதோ குழந்தைங்க பொம்மைக் கண்காட்சி போல’ என்று நினைத்து நுழைந்தால் ஏமாந்துபோவீர்கள். நரைத்த தலைகள்தான் அதிகம்! நீள நீளமான மேஜைகள். அவற்றின் மேல் உள்ளங்கை அளவு விமானங்கள், டாங்குகள், கப்பல்கள். ஒரு மூலையில் போட்டி நடக்கிறது. நடுவர் கையில் டார்ச் லைட்! இரண்டு துண்டுகள் ஒட்டிய இடத்தில் கோடு தெரிகிறதா, இறக்கை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, சக்கரம் நேராக இருக்கிறதா என்று துருவித் துருவிப் பார்க்கிறார். இந்த உலகத்தில் ‘ரிவிட் எண்ணுகிறவர்கள்’ என்று ஒரு ஜாதியே உண்டு. நிஜ விமானத்தில் எத்தனை ரிவிட் இருந்ததோ, அத்தனையும் பொம்மையிலும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற ஆசாமிகள்!

‘பொம்மைக்குப் போய் இவ்வளவு அமர்க்களமா?’ என்று தோன்றுகிறதல்லவா? பதில் கொஞ்சம் பின்னால் போனால்தான் கிடைக்கும்.

1930-களின் தொடக்கம். ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற பெயரில் பிரிட்டனில் மர விமான மாடல்கள் விற்பனைக்கு வந்தன. வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ். 1/72 என்கிற அளவைப் பிரபலமாக்கியவர் இவர்தான். 1936-ல் அதே அளவில் பிளாஸ்டிக் கிட் வந்தது. தயாரித்தவர்கள், ‘ஃப்ராக்’ என்ற பெயரில் ஏற்கெனவே பறக்கும் பொம்மை விமானங்களை விற்றுக்கொண்டிருந்தவர்கள். புதிய மாடல் பறக்காது. ஆகவே பறக்க முடியாத பறவையின் பெயரையே வைத்துவிட்டார்கள்... பென்குவின்! குறும்புதான்!

அதுவரை எல்லாமே பொழுதுபோக்கு. பிறகு யுத்தம் வந்தது.

1939, செப்டம்பர் 3. ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்தது. மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 6 அதிகாலை, எதிரி விமானங்கள் வருவதாக லண்டனுக்குக் கிழக்கே ஒரு தகவல் பரவியது. 56-வது படைப்பிரிவின் ஹரிகேன் விமானங்கள் சீறிக் கிளம்பின. அவற்றில் இரண்டு மட்டும் சற்றுப் பின்தங்கி வந்தன. வேறொரு தளத்திலிருந்து கிளம்பிய 74-வது படைப்பிரிவின் ஸ்பிட்ஃபயர்கள் அந்த இரண்டையும் பார்த்தன. ‘முன்னால் போகிறவர்களை ஜெர்மன்காரன் துரத்துகிறான்!’ என்று முடிவு கட்டிச் சுட்டுத் தள்ளின. இரண்டும் விழுந்தன. ஒருவர் பிழைத்தார். மாண்டேகு ஹல்டன்-ஹேரப் என்ற 26 வயது இளைஞர் இறந்துபோனார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் போர் விமானி அவர்தான். கொன்றது சொந்தப் படை! அன்று காலை அந்த வானத்தில் ஒரு ஜெர்மன் விமானம்கூட இல்லை என்பதுதான் கொடுமை. சுட்ட விமானிகள் இருவர் மீது ராணுவ விசாரணை நடந்தது. இருவரும் விடுவிக்கப்பட்டார்கள்.

தகவல் தொடர்பில் குளறுபடி, பதற்றம், எல்லாமே காரணம்தான். ஆனால், ஒரு பாடம் மட்டும் பளிச்சென்று புரிந்தது. வானத்தில் தெரிகிற நிழல் நம்ம ஆளா, எதிரியா என்று சில நொடிகளில் சொல்லத் தெரிய வேண்டும். எப்படிப் பழக்குவது? படம் போதாது. பக்கவாட்டில், கீழிருந்து, எதிரிலிருந்து என்று எல்லாக் கோணத்திலும் பார்த்தாக வேண்டும். அங்கேதான் பொம்மைக்கு வேலை வந்தது!

1942-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு வேண்டுகோள் விடுத்தது: ‘ஐந்து லட்சம் மாடல் விமானங்கள் வேண்டும்!’ யாரிடம் கேட்டது தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம். நாடெங்கும் பள்ளிகளின் தச்சுப் பட்டறைகளில் பையன்களும் பெண்களும் மரத்தைச் செதுக்கினார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். அளவு? நம்ம 1/72 தான். 35 அடி தூரத்தில் மாடலைத் தொங்கவிட்டுப் பார்த்தால், நிஜ விமானத்தை முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். முழுக்கக் கறுப்பு பெயின்ட். ஏனென்றால், வானத்தில் நிறமெல்லாம் தெரியாது, உருவம்தான் தெரியும்.

யோசித்துப் பாருங்கள்... ஒரு பிள்ளை இறக்கையைக் கொஞ்சம் கோணலாகச் செதுக்கிவிட்டால், அதைப் பார்த்துப் பழகிய வீரன் நாளைக்குத் தன் நண்பனையே சுட்டுவிடலாம். டெல்ஃபோர்ட் நடுவரின் டார்ச் லைட்டுக்கு இப்போது அர்த்தம் புரிகிறதா? சரியாக இருக்க வேண்டும் என்கிற பிடிவாதம் ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்னை!

யுத்தம் முடிந்தது. 1950-களின் முற்பாதியில் ‘ஏர்ஃபிக்ஸ்’ நிறுவனம் ‘கோல்டன் ஹிந்த்’ என்ற கப்பலை பிளாஸ்டிக் பையில் போட்டு உல்வொர்த் கடைகளில் மலிவு விலைக்குக் கொடுத்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய நிக்கலஸ் கோவ், ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். அடுத்த ஆண்டே ஸ்பிட்ஃபயர் வந்தது. அப்பா ஓட்டிய விமானத்தை மகன் சாப்பாட்டு மேஜையில் கோந்து போட்டு ஒட்டினான். 1963-ல் சங்கமும் பிறந்தது.

தோற்ற நாடுகளும் சும்மா இல்லை. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ‘தமியா’ நிறுவனம் ஜெர்மன் பாந்தர் டாங்கைத் தயாரித்தது. உள்ளே மோட்டார் வைத்து ஓட வைக்க வேண்டும். பேட்டரி அடங்குகிற அளவுக்குப் பெட்டியைப் பெரிதாக்கினார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1/35! இன்றைக்கு உலகம் முழுக்க ராணுவ மாடல்களுக்கு அதுதான் அளவு. ஒரு பேட்டரி போட்ட சட்டம்!

இனி மறுபடி அந்த மேஜைகளைப் பாருங்கள். வானத்தில் ஒருவரையொருவர் வேட்டையாடிய ஸ்பிட்ஃபயரும் மெஸ்ஸர்ஷ்மிட்டும் சில அங்குல இடைவெளியில் நிற்கின்றன. செய்தவர் ஒருவராகவே இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அக்கறை, ஒரே உழைப்பு. எதிரி விமானம்தானே என்று ஒரு ரிவிட்கூடக் குறையவில்லை. சரித்திரம் எழுதுகிற நாம்கூட இத்தனை நேர்மையாக இருக்கிறோமா என்பது சந்தேகம்தான்.

பார்த்துப் போங்கள்... எந்த மாடலையும் தொட்டுவிடாதீர்கள். அதன் விமானி அறைக்குள், தலையில் தோல் குல்லாயோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான். எழுந்து நின்றால் ஓர் அங்குலம் இருப்பான். நிஜத்தில் ஆறடி. வயது பெரும்பாலும் இருபதைச் சுற்றித்தான்!