மிதிவண்டியும் மழலையரும்: ஜப்பானியத் தாய்மார் திருத்திய ஒரு விதி

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கிய ஜப்பானியப் படை, எழுபது நாள்களில் மலாயாவைக் கடந்து, 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. தெற்கு நோக்கி விரைந்த அப்படையினருள் பலர் மிதிவண்டிகளில் வந்தனர். டயர் கிழிந்த பின்னும் வெறும் இரும்பு வளையத்தின் மேலேயே ஓட்டிச் சென்றனர் என்பது அப்போர் பற்றிய நூல்கள் கூறும் செய்தி. ஆதலின் மலாயா மக்களுக்கு ஜப்பானியர் மிதிவண்டி என்றால் அச்சமே முதலில் நினைவுக்கு வந்தது. அதே மிதிவண்டி, போர் ஓய்ந்த பின், அந்நாட்டில் தாயொருத்தி தன் இரு மழலைகளை ஏற்றிச் செல்லும் ஊர்தியாயிற்று. அவ்வூர்தியின் பொருட்டு நாட்டின் சாலை விதியே திருத்தப்பட்டது. போர்க்கதை அளவுக்குப் பேசப்படாத அவ்வரலாறு அறியத்தக்கது.

குழந்தைக்காகப் பிறந்த டயர்

குழந்தையின் பொருட்டு வண்டி மாறுவது புதியதன்று. ஸ்காட்லாந்தில் பிறந்து, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர் ஜான் பாய்ட் டன்லப். அக்காலச் சக்கரங்களில் கெட்டி ரப்பரே பொருத்தப்பட்டிருந்தது. கல் பாவிய தெருவில் மூன்று சக்கர வண்டி ஓட்டிய தம் சிறு மகனின் உடல் குலுங்குவதைக் கண்ட அவர், காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார். 1888-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-ஆம் ஆண்டிலேயே இத்தகைய டயருக்கு உரிமை பெற்றிருந்தமை பின்னர் தெரியவந்ததால், டன்லப்பின் காப்புரிமை நிலைக்கவில்லை. எனினும் உலகம் முழுவதும் பரவியது டன்லப் செய்த டயரே. முதலில் மிதிவண்டிக்கும், பின்னர் மோட்டார் வண்டிக்கும் டயர் வேண்டப்படவே ரப்பரின் விலை உயர்ந்தது. மலாயாவில் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அவற்றில் பால் மரம் வெட்டத் தமிழர் கடல் கடந்து வந்தனர். ஒரு தந்தை தம் மகனுக்காகச் செய்த சிறு முயற்சி, தமிழரின் குடியேற்ற வரலாற்றையும் இவ்வாறு தொட்டு நிற்கிறது.

மாமாசாரி

போருக்குப் பிந்திய ஜப்பானில் மிதிவண்டி பெண்டிர் கைக்கு வந்தது. 1956-ஆம் ஆண்டில் யாமகுச்சி நிறுவனம் பெண்களுக்கென ‘ஸ்மார்ட் லேடி’ என்னும் வண்டியைச் செய்து விற்றது. இருக்கைக்கு முன்னுள்ள குறுக்குக் குழாயைத் தாழ்த்தி, ஆடை தடுக்காமல் ஏறி இறங்கும்படி அமைக்கப்பட்ட இவ்வகை வண்டிகள், முன்னே கூடையும் பின்னே கேரியரும் கொண்டு, காலப்போக்கில் வீடுதோறும் இடம்பெற்றன. மக்கள் இதற்கு ‘மாமாசாரி’ எனப் பெயரிட்டனர். ‘மாமா’ என்பது ஜப்பானியக் குழந்தைகள் அன்னையை அழைக்கும் சொற்களுள் ஒன்று. ‘சாரி’ என்பது மிதிவண்டியைக் குறிக்கும் கொச்சைச் சொல். ‘அன்னையின் வண்டி’ என்பதே பொருள். 1970-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், குறிக்கப்பட்ட நடைபாதைகளில் மிதிவண்டி செல்ல இசைவளித்தது. ஆகவே விரைவைக் காட்டிலும், மெல்லச் செல்லுதலும் பொருள் சுமத்தலுமே இவ்வண்டிக்கு உரிய பண்புகளாயின.

கடைச் சாமான்களைச் சுமந்த வண்டி குழந்தையையும் சுமந்தது. பின் கேரியரில் ஓர் இருக்கை. ஹேண்டில்பாரில் மற்றோர் இருக்கை. ஆனால் இவ்வண்டி இருவரைச் சுமப்பதற்கெனச் செய்யப்பட்டதன்று. ஹேண்டில்பாரில் தொங்கும் குழந்தையின் எடை, வளைவில் வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். பின்னால் எடை மிகுந்தால் முன்சக்கரம் இலேசாகித் தடுமாறும். இவ்விடையூறு தாய்மார் அறியாததன்று. வேறு வழியின்மையால் பொறுத்துக் கொண்டதாகும்.

விதியும் வாழ்க்கையும்

ஜப்பானின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. மிதிவண்டியில் எத்தனை பேர் செல்லலாம் என்பதை வரையறுக்கும் அதிகாரத்தை அச்சட்டம் ஒவ்வொரு மாவட்டத்தின் பொதுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அளித்தது. பதினாறு வயது நிரம்பியவர், உரிய இருக்கையில், ஆறு வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையை ஏற்றிச் செல்லலாம் என்பதே பொதுவாக நிலவிய விதி. முன்னும் பின்னுமாக இருவரை ஏற்றுதல் விதிமீறலாகும். எனினும் காலையில் குழந்தைகள் காப்பகத்துக்குச் செல்லும் தெருக்களில் இத்தகைய வண்டிகள் நாள்தோறும் சென்றன. காவலரும் பெரும்பாலும் கண்டும் காணாதவராக இருந்தனர். விதி ஒரு பக்கமும் வாழ்க்கை மறுபக்கமும் பல ஆண்டுகள் நின்றன.

2007-ஆம் ஆண்டின் இறுதியில் தேசியக் காவல்துறை, மிதிவண்டி ஓட்டுவோர்க்கான நெறிமுறைகளைத் திருத்த முற்பட்டது. இருவரை ஏற்றுதல் தடை செய்யப்பட்டது என்பதை அதில் வெளிப்படையாக எழுதவும், மீறுவோரைக் கண்டிக்கவும் எண்ணியது. காவல்துறையின் அச்சம் பொய்யன்று. இரு குழந்தைகளுடன் வண்டி சாய்ந்தால் விளையும் தீங்கு பெரிது. ஆயினும் தாய்மாரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. இரு பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்லும் பெண், ஒரு பிள்ளையை எங்கே விடுவாள்? கார் இல்லாத குடும்பம் என்ன செய்யும்? குழந்தைகள் மிகுதியாகப் பிறக்க வேண்டும் என்று கூறும் அரசு, இரண்டாவது குழந்தையை ஏற்றிச் செல்வதைத் தடுப்பது முறையா? இவையே எழுந்த வினாக்கள்.

இங்கேதான் இவ்வரலாற்றின் சிறப்பு உள்ளது. காவல்துறை தடையை வற்புறுத்தவும் இல்லை. ‘எப்படியேனும் ஓட்டிக் கொள்க’ எனக் கைவிடவும் இல்லை. 2008-ஆம் ஆண்டில் வல்லுநர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. இரு குழந்தைகளைத் தீங்கின்றிச் சுமக்கும் வண்டியைச் செய்ய இயலுமாயின் அதற்கு இசைவளிக்கலாம் என்ற நிலை உருவாயிற்று. குற்றம் தாயினுடையதா, வண்டியினுடையதா என்ற கேள்விக்கு, வண்டியைத் திருத்துக என்பதே விடையாயிற்று.

ஆறு நிபந்தனைகள்

அக்குழு வகுத்த நிபந்தனைகள் ஆறு. இருவரைச் சுமக்கும் வலிமை வேண்டும். போதிய பிரேக் வேண்டும். நிறுத்தி வைக்கும்போது சாயாத உறுதி வேண்டும். சட்டமும் இருக்கை பொருந்தும் இடங்களும் வளையாத விறைப்புடன் இருத்தல் வேண்டும். ஓடும்போது ஹேண்டில்பாரைப் பாதிக்கும் அதிர்வு தோன்றலாகாது. புறப்படும்போதும், ஓட்டும்போதும், தள்ளிச் செல்லும்போதும், நிற்கும்போதும் வண்டி ஓட்டுபவர் கைக்கு அடங்கியிருத்தல் வேண்டும்.

தொழிற்சாலைகள் இவற்றை நிறைவேற்றிய முறை கருதத்தக்கது. சக்கரங்களின் குறுக்களவு பல வண்டிகளில் 20 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. அதனால் குழந்தையின் இருக்கையும் எடையும் நிலத்தை நெருங்கின. முன்னிருக்கை, ஹேண்டில்பார் திரும்பும் அச்சின் மேலேயே அமைக்கப்பட்டது. ஆகவே எடை ஒருபுறம் இழுக்கவில்லை. ஸ்டாண்டு அகன்ற இருகால் உடையதாயிற்று. அதை இட்டவுடன் ஹேண்டில்பார் திரும்பாமல் பூட்டிக் கொள்ளும் அமைப்பும் பல வண்டிகளில் சேர்க்கப்பட்டது. சிறு பாதம் ஸ்போக்குகளுக்கிடையே அகப்படாதபடி சக்கரத்தின் பக்கங்கள் மூடப்பட்டன.

2009 ஜூலை முதல் நாள் தோக்கியோ உள்ளிட்ட பல மாவட்டங்களில் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. நிபந்தனைகளுக்கு உட்பட்ட வண்டியில் ஆறு வயதுக்குட்பட்ட இருவரை ஏற்றலாம் என்பது அதன் சாரம். தொடக்கப் பள்ளியில் சேரும் வரை ஏற்றலாம் என இவ்வயது வரம்பு பின்னர்த் தளர்த்தப்பட்டது. இருக்கைகள் இரண்டிலும் குழந்தைகள் இருக்க, மூன்றாவது குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஓட்டுதல் மட்டும் கூடாது.

எடை என்னும் இடர் எஞ்சியது. முன்னிருக்கைக்கு 15 கிலோவும் பின்னிருக்கைக்கு 22 கிலோவும் எல்லை என வகுக்கப்பட்டன. இருவரும் சேர்ந்தால் 37 கிலோ. மேட்டில் மிதிப்பது அரிது. இதற்கு மின்விசை துணை செய்தது. யாமஹா நிறுவனம் 1993-இல் வெளியிட்ட மின்துணை மிதிவண்டியில், மிதிப்பவரின் விசைக்கு ஏற்ப மோட்டார் உதவியது. 2008 டிசம்பரில் விதி தளர்ந்து, மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைந்த விரைவில் மனிதவிசை ஒன்றுக்கு மின்விசை இரண்டு பங்கு வரை அனுமதிக்கப்பட்டது; 24 கிலோமீட்டரை எட்டும்போது அவ்வுதவி நின்றுவிடும். புறப்படும் அந்த முதல் சில அடிகளில்தான் வண்டி மிகுதியாகத் தள்ளாடும். அங்கேதான் உதவியும் மிகுதியாகக் கிடைத்தது.

ஏற்றும் முறை

வண்டி நன்றாயினும் வழக்கம் நன்றாதல் வேண்டும். ஓடும்போது மட்டுமன்றி, நிற்கும்போது சாய்வதாலும் குழந்தைகள் காயமுறுவது உண்டு. அதனால் ஜப்பானில் ஓர் ஒழுங்கு கற்பிக்கப்படுகிறது. ஏற்றும் முன்னரே தலைக்கவசம் அணிவிக்க வேண்டும். இறக்கிய பின்னரே கழற்ற வேண்டும். ஏற்றும்போது பின்னிருக்கைக் குழந்தை முதலில். இறக்கும்போது முன்னிருக்கைக் குழந்தை முதலில். பின்னால் எடை இருக்கும்போது ஸ்டாண்டு உறுதியாக ஊன்றி நிற்பதே காரணம். குழந்தையை இருக்கையில் விட்டுவிட்டு, ஒரு நொடியேனும் வண்டியை விட்டு அகலலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையை இருக்கையில் அமர்த்துதல் தவறு.

எஞ்சிய குறை

இத்திருத்தம் குறையற்றதன்று. விதிக்குட்பட்ட வண்டி, சாதாரண மாமாசாரியைப் போல் பல மடங்கு விலையுடையது. மின்துணை உடையதோ ஒரு நூறாயிரம் யென்னுக்கும் மேல். எவர் பொருட்டு விதி திருத்தப்பட்டதோ, அவர்களுள் வறியோர்க்கு அவ்வண்டி எட்டாததாயிற்று. இதை உணர்ந்த சில நகராட்சிகள் உதவித்தொகை அளித்தன. வேறு சில குறைந்த வாடகைக்கு வண்டி கொடுத்தன. குழந்தை வளர்ந்ததும் வண்டி அடுத்த வீட்டுக்குச் செல்லும் என்பதால் வாடகை முறை பொருத்தமானதே.

மக்கள் ஒரு விதியைப் பெருவாரியாக மீறும்போது, அதனைக் கடுமையாக்குதல் ஒரு வழி. கைவிடுதல் மற்றொரு வழி. மீறலுக்குக் காரணமான தேவையை ஆராய்ந்து, அத்தேவைக்குப் பொருந்தும் கருவியைச் செய்வித்து, அதன் பின் விதியை மாற்றுதல் மூன்றாவது வழி. அரிதாக நடைபெறும் இம்மூன்றாம் வழிக்கு, ஜப்பானியத் தாய்மார் ஓட்டிய வண்டி ஒரு சான்றாக விளங்குகிறது.