வண்டிப் பாரம் (கரிசல் வட்டாரம்)

இழுவை வண்டியில் சுமையை முன்பின்னாகப் பங்கிட்டு ஏற்றும் முறை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் பகுதிகளின் வழக்கம் இங்கே கூறப்படுகிறது.

மாட்டுவண்டிக்கு ஒரே அச்சு. ஆகவே சுமையில் ஒரு பங்கு ஏர்க்கால் வழியாக நுகத்தடிக்கு வந்தே தீரும். அச்சுக்கு முன்னால் சுமை கூடினால் முன்பாரம். காளைகளின் கழுத்து நசுங்கி, நாள்பட்டால் புண்ணாகும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். கழுத்துப் புண்ணை மருந்து போட்டு ஆற்றலாம், மூச்சுத் திணறினால் நடுவழியில் மாடு விழுந்துவிடும். எனவே சற்றே முன்பாரமாக ஏற்றுவதே முறை. மாடு பூட்டுமுன் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். சுலபமாக எழுந்து, விட்டதும் மெல்லத் தாழ்ந்தால் சரி. இல்லையேல் ஒரு மூட்டை இடம் மாறும். மேடேறும்போது பாரம் பின்னுக்குச் சாயுமாதலால் அவரே முன்னால் நகர்ந்து ஏர்க்கால் மேல் உட்கார்ந்துகொள்வார். பருத்தி வண்டியில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்: சுமை உயர உயர, மேடுபள்ளத்தில் பாரம் அதிகமாக இடம்பெயரும். மதுரை–தூத்துக்குடி ரயில்பாதை 1876இல் திறந்து, 1891இல் கோவில்பட்டியில் நூற்பாலையும் வந்தபின் இத்தகைய வண்டிகளுக்கு ஓய்வில்லாமல் போயிற்று.

டிராக்டரில் கணக்கு வேறு. ஒற்றை அச்சு டிரெய்லர் கொக்கியின்மேல் வைக்கும் பாரம் பின்சக்கரங்களை அழுத்துவதால், ஈரக் கரிசலில் அவை வழுக்காமல் பிடிக்கும். அளவு மீறினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. அதற்காகவே முன்பக்கம் இரும்பு எடைகள் மாட்டுகிறார்கள். இரட்டை அச்சு டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமக்கும். தார்ச்சாலைக்கு அது போதும், ஈரக் காட்டுக்கு ஒற்றை அச்சே ஏற்றது. கலப்பை போன்ற கருவியின் பாரத்தை டிராக்டரின்மேல் மாற்றும் மும்முனை இணைப்புக்கு ஹாரி பெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் தாங்கிய மாசி பெர்குசன் டிராக்டர்களைச் சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்தது.

முன்சக்கரம் லேசாகும் இதே சிக்கலுக்காக அமெரிக்காவில் கார்களுக்குப் பின்னால் கேரவன் இழுப்போர் பாரம் பங்கிடும் கொக்கியைப் பொருத்துகிறார்கள். அதன் ஸ்பிரிங் கம்பிகள் நெம்புகோலாக வேலைசெய்து, காரின் பின் அச்சில் விழும் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் நிற்பது சரியான அளவு. பண்ணை டிராக்டருக்கு இக்கொக்கி தேவையில்லை.

இப்போது விளைச்சல் பெரும்பாலும் டிராக்டரிலும் மினி லாரியிலும் போகிறது.