சாவியற்ற நுழைவு அமைப்புகளின் வரலாறும் தேர்வுச் சிக்கல்களும்: அடுக்குமாடிக் குடியிருப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உலோகச் சாவியின் இடத்தை அட்டையும் திறன்பேசியும் பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மாற்றம் பூட்டின் வடிவ மாற்றமாக மட்டும் அமையவில்லை. கதவின் மீதான அதிகாரம், வைத்திருப்போர் கையிலிருந்து வழங்குவோர் கைக்கு நகர்ந்தது. 1851இன் பூட்டுச் சர்ச்சை, 2008இன் நெதர்லாந்து வழக்கு, 2021இன் நியூயார்க் நகரச் சட்டம் ஆகியன இக்கருத்திற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சாவியற்ற நுழைவு, அட்டைப் பூட்டு, மறையாக்கம், நுழைவுப் பதிவு, வாடகைதாரர் உரிமை.

1. முன்னுரை

அடுக்குமாடிக் குடியிருப்பிற்கோ சிறு வணிக நிறுவனத்திற்கோ சாவியற்ற நுழைவு அமைப்பைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் விலையையும் வசதியையுமே ஒப்பிடுகின்றனர். பணியாளர் ஒருவர் விலகும்போது பூட்டை மாற்றாமல் அவரது அட்டையை மட்டும் செல்லாததாக்கலாம் என்பது சிறு நிறுவனத்திற்கு உண்மையான பயனே. ஆயினும் இவ்வமைப்புகளின் வரலாற்றை நோக்கும்போது வேறு மூன்று வினாக்கள் முதன்மை பெறுகின்றன. பூட்டின் வலிமையைச் சோதித்தவர் யார்? குறை வெளிப்பட்ட பின் அதைத் திருத்தும் பொறுப்பு யாருடையது? கதவு எழுதும் பதிவு யாரிடம் இருக்கும்?

2. இரகசியமும் சோதனையும்

பூட்டின் உள்ளமைப்பை மறைத்து வைப்பதே பாதுகாப்பு என்னும் நம்பிக்கை பழமையானது. லண்டனில் ஜோசப் பிராமாவின் நிறுவனம் தன் பூட்டைத் திறப்போருக்கு 200 கினி பரிசளிப்பதாக அறிவித்துக் கடை முகப்பில் அப்பூட்டை வைத்திருந்தது. அரை நூற்றாண்டிற்கும் மேலாக அது திறக்கப்படவில்லை. 1851இல் லண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியின்போது அமெரிக்கரான ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் முதலில் சப் நிறுவனத்தின் பூட்டையும், பின்னர் 16 நாட்களில் 51 மணிநேரம் உழைத்துப் பிராமா பூட்டையும் திறந்தார். பூட்டின் குறைகளைப் பொதுவெளியில் பேசுவது திருடர்களுக்கு உதவும் என்று அன்று கண்டனம் எழுந்தது. திருடர்கள் அவற்றை முன்பே அறிவர், அறியாதோர் பூட்டை வாங்குவோரே என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம்.

1883இல் அகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் படைத்துறை மறையாக்கம் குறித்து எழுதியபோது இதே சிந்தனைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். ஓர் அமைப்பின் செயல்முறை எதிரிக்குத் தெரிந்த பின்னும் அது பாதுகாப்பாக இருத்தல் வேண்டும். திறவுகோல் மட்டுமே இரகசியமாக இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பிற்கால மின்னணுப் பூட்டுகளை மதிப்பிடவும் இக்கோட்பாடே அளவுகோலாகிறது.

3. சாவி அட்டையாதல்

லினஸ் யேல் இளையவர் 1861இல் காப்புரிமை பெற்ற ஊசித் தடுப்புப் பூட்டின் வழிவந்தவை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளன. அவற்றின் குறை, தொலைந்த சாவியைச் செல்லாததாக்க இயலாமையே. விடுதிகளில் இச்சிக்கல் மிகுதி. அறையைக் காலி செய்தவரிடம் சாவியோ அதன் நகலோ தங்கிவிடலாம். நார்வே நாட்டவரான டோர் சோர்னெஸ் 1970களில் உருவாக்கிய துளை அட்டைப் பூட்டு இதற்குத் தீர்வு கண்டது. அட்டையின் 32 இடங்களில் துளை இருப்பதும் இல்லாததும் சேர்ந்து ஏறத்தாழ 429 கோடி அமைப்புகளைத் தந்தன. ஒவ்வொரு விருந்தினருக்கும் புதிய அட்டை வழங்கப்பட்டது. பழைய அட்டை பயனற்றதாயிற்று.

அதே காலப்பகுதியில், 1973இல், கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லஸ் வால்டன் மின்கலம் இல்லாத அட்டையை வானலை மூலம் அடையாளங்கண்டு கதவைத் திறக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பூட்டு நிறுவனமான ஷ்லேஜ் அதன் உரிமத்தைப் பெற்றது. துளை அட்டை, பூட்டின் வடிவத்தை மாற்றியது. வால்டனின் அட்டையோ சாவியை ஓர் எண்ணாக்கியது. எண்ணை நீக்கலாம், சேர்க்கலாம். அது எப்போது பயன்பட்டது என எழுதியும் வைக்கலாம். அதிகார இடமாற்றத்தின் தொடக்கம் இதுவே எனலாம்.

4. மறைப்பின் ஆயுள்

1994இல் அறிமுகமான மைஃபேர் கிளாசிக் என்னும் சில்லு, கட்டட நுழைவு அட்டைகளிலும் போக்குவரத்து அட்டைகளிலும் பெருவழக்குப் பெற்றது. அதன் மறையாக்க முறை வெளியிடப்படாமல் காக்கப்பட்டது. 2007 டிசம்பரில் பெர்லினில் நடைபெற்ற மாநாட்டில் கார்ஸ்டன் நோலும் ஹென்ரிக் ப்ளோட்ஸும் சில்லின் உள்ளமைப்பை ஆராய்ந்து கண்டவற்றை வெளியிட்டனர். 2008இல் நைமேகன் நகரின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அம்முறையின் குறைகளை நிறுவினர். அவர்களது கட்டுரை வெளிவருவதைத் தடுக்க, சில்லைத் தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனம் ஆர்னம் நீதிமன்றத்தை நாடியது. கருத்து வெளியீட்டு உரிமையைச் சுட்டி 2008 ஜூலையில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. 1851இல் லண்டனில் எழுந்த வாதம் இவ்வாறு 157 ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் முடிவு கண்டது.

எனினும் குறை வெளிப்படுவது வேறு, கதவு திருந்துவது வேறு. விடுதிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பயன்படும் சாஃப்லாக் பூட்டுகளில், மைஃபேர் கிளாசிக் அட்டையைப் பயன்படுத்தும் அமைப்பில், போலி அட்டை செய்ய வழியுள்ளது என ஆய்வாளர்கள் 2022 செப்டம்பரில் தயாரிப்பாளரான டோர்மாகாபாவிற்குத் தெரிவித்தனர். 131 நாடுகளில் 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட கதவுகள் இதற்கு உட்பட்டிருந்தன. 2024 மார்ச்சில் செய்தி பொதுவெளிக்கு வந்தபோது அவற்றுள் 36 விழுக்காடே திருத்தவோ மாற்றவோ பெற்றிருந்தன. ஒவ்வொரு பூட்டையும் நேரில் சென்று திருத்த வேண்டியிருந்ததும், அட்டை வழங்கும் மென்பொருளையும் அட்டைகளையும் உடன் மாற்ற வேண்டியிருந்ததும் தாமதத்தின் காரணங்கள். அட்டையை நொடியில் செல்லாததாக்கும் அமைப்பு, தன் குறையை நீக்கிக்கொள்ள ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது.

5. கதவின் பதிவேடு

உலோகச் சாவி யார் எப்போது வந்தார் என்பதை அறியாது. மின்னணுப் பூட்டு அதை எழுதிவைக்கிறது. அலுவலகத்தில் இது வருகைப் பதிவாகப் பயன்படலாம். வீட்டு வாயிலிலோ வாழ்க்கையின் பதிவாகிவிடுகிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் திறன்பேசி வழி இயங்கும் லாட்ச் பூட்டு பொருத்தப்பட்ட கட்டடம் ஒன்றின் வாடகைதாரர்கள் உரிமையாளருக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். முதியோர் நுழைய இயலாமையும், நடமாட்டம் கண்காணிக்கப்படும் என்ற அச்சமும் அவர்களின் குறைகள். 2019 மே மாதத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவர்களுக்கு உலோகச் சாவி வழங்கப்பட்டது. அதே ஆண்டு புரூக்ளினின் அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் குடியிருப்பில் முகமறி நுழைவு முறையைக் கொணரும் திட்டம், குடியிருப்போரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

நியூயார்க் நகரம் 2021இல் வாடகைதாரர் தரவுத் தனியுரிமைச் சட்டத்தை இயற்றியது. குடியிருப்போரின் ஒப்புதலின்றித் தரவைத் திரட்டலாகாது. நுழைவுத் தரவைப் பொதுவாக 90 நாட்களுக்குள் அழித்தல் வேண்டும். அதை விற்கவோ வாடகைதாரரை வெளியேற்றும் நோக்கில் பயன்படுத்தவோ கூடாது என அது வரையறுக்கிறது. இச்சட்டத்தின் முதன்மைக் கவனம் பூட்டின் உறுதி அன்று என்பது கருதத்தக்கது. பூட்டு யாரை நினைவில் வைத்திருக்கலாம் என்பதையே அது முதன்மையாகப் பேசுகிறது.

6. முடிவுரை

மேற்கண்ட வரலாறு தேர்வுக்குரிய அளவுகோல்களைத் தருகிறது. செயல்முறை வெளியிடப்பட்டுப் புறத்தார் சோதனைக்கு உட்பட்ட அமைப்பே நம்பத்தக்கது. பூட்டின் ஆயுட்காலம் முழுவதும் திருத்தத்தை யார், எவர் செலவில் செய்வார் என்பது ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். பதிவு எவ்வளவு காலம், யாரிடம் இருக்கும் என்பது குடியிருப்போருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். திறன்பேசி இல்லாதோருக்கு மாற்று வழி இருத்தல் வேண்டும்.

இவற்றுள் முதல் இரண்டும் வாங்குவோரின் கேள்விகள். பின் இரண்டும் வசிப்போரின் கேள்விகள். அடுக்குமாடிக் கட்டடத்தில் வாங்குபவரும் வசிப்பவரும் பல வேளைகளில் வேறு வேறானவர்கள். நியூயார்க் வழக்கின் வேர் இவ்வேறுபாட்டில்தான் உள்ளது. எனவே சாவியற்ற நுழைவு அமைப்பைத் தேர்ந்தெடுத்தல் தொழில்நுட்ப முடிவாக மட்டும் அமையாமல், குடியிருப்போரும் பங்கேற்கும் கூட்டு முடிவாக அமைதல் வேண்டும் என்பது இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுகிறது.