மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடுமா?

இங்கிலாந்துச் சட்டம் என்றாலே எல்லோரும் 1215-இன் மாக்னா கார்ட்டாவில் தொடங்குவார்கள். ஆனால் அடிதடி வழக்கில் சிறைக்குப் போனவன் "தண்டனை அதிகம்" என்று மேல்முறையீடு செய்யும் உரிமை அங்கே எப்போது வந்தது தெரியுமா நண்பர்களே? 1907-இல் இயற்றிய சட்டத்தால்தான்!

இந்த உரிமை ஏன் முக்கியம்? 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில், வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்தால் ஆயுள் தண்டனை வரை தரலாம். அதற்குள் எத்தனை ஆண்டு என்பது ஒரே நீதிபதியின் கையில். அவர் தவறினால்? உள்துறை அமைச்சரிடம் கருணை மனு போடலாம், அவ்வளவுதான்.

நிலைமையை மாற்றியவை இரண்டு வழக்குகள். ஆள்மாறாட்டக் குழப்பத்தில் அடால்ஃப் பெக் 1896-இலும் 1904-இலும் குற்றவாளியாக்கப்பட்டார். குதிரையை வெட்டியதாக ஜார்ஜ் எடால்ஜிக்கு 1903-இல் 7 ஆண்டு கிடைத்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே எடால்ஜிக்காகப் பத்திரிகையில் வாதாடினார். 1908-இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செயல்படத் தொடங்கியது.

ஆனால் அதில் ஒரு பொறி இருந்தது. தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் போனால், அந்த நீதிமன்றம் அதைக் கூட்டவும் செய்யலாம்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. இந்த அதிகாரம் 1966-இல்தான் நீக்கப்பட்டது.

இன்று கிரவுன் கோர்ட்டில் தண்டனை பெற்றவர் 28 நாளுக்குள் அனுமதி கேட்க வேண்டும். முதலில் ஒரு நீதிபதி காகிதங்களைப் பார்ப்பார். "நானாக இருந்தால் கொஞ்சம் குறைத்திருப்பேன்" என்று தோன்றினால் போதாது. தண்டனை வெளிப்படையாகவே மிகையாகவோ, கொள்கையளவில் தவறாகவோ இருக்க வேண்டும்.

சரி, பயம் போய்விட்டதா? முழுதாகப் போகவில்லை. வீண் மனு என்று கருதினால், காத்திருந்த காலத்தில் ஒரு பகுதியைத் தண்டனைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு கதவையும் திறந்தது. தண்டனை மிகக் குறைவு என்று அட்டர்னி ஜெனரலே மேல்நீதிமன்றம் போகலாம். 18-ஆம் பிரிவுக் குற்றமும் இதில் அடங்கும்.

பாதிக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நியாயமே. இங்கே கூட்டச் சொல்லிக் கேட்பது அரசு. ஆனால் கைதி நியாயம் கேட்டதற்காகவே அவனுடைய சிறை நாட்கள் நீளலாம் என்றால், உண்மையிலேயே அநீதி நேர்ந்தவனும் வாய் மூடிவிட மாட்டானா? வீண் மனுக்களைத் தடுக்க அனுமதி என்ற வடிகட்டியே போதும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?