மறதி வளைவும் இடைவெளிக் கற்றலும்

மறதி வளைவு என்பது கற்ற செய்தி காலப்போக்கில் மனத்திலிருந்து எவ்வாறு நழுவுகிறது என்பதைக் காட்டும் வரைகோடு. செருமானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் (1850–1909) இதனை 1885-இல் வெளியிட்டார். படிப்பைப் பல நாட்களுக்குப் பிரித்துக்கொள்வதே இடைவெளிக் கற்றல். இதன் பயனை எண்களால் முதலில் காட்டியவரும் அவரே. நூறாண்டுகளுக்கும் மேலாக உறுதிப்பட்டுவந்த இக்கண்டுபிடிப்பு மாணவர்களின் அன்றாடப் படிப்புக்குள் மிக மெதுவாகவே நுழைந்தது.

பின்னணி

எபிங்ஹாஸ் பார்மன் நகரில் பிறந்து, பான் பல்கலைக்கழகத்தில் 1873-இல் முனைவர் பட்டம் பெற்றார். நினைவு போன்ற உயர்ந்த மனச் செயல்களைச் சோதனையால் அளக்க முடியாது என்ற கருத்து அக்காலத்தில் வலுவாக இருந்தது. ஒலி, ஒளி போன்ற புலன் உணர்வுகளைக் கணித முறையில் அளந்த குஸ்டாவ் பெக்னரின் நூல் எபிங்ஹாஸைக் கவர்ந்தது. அதே வழியில் நினைவையும் அளக்க அவர் முற்பட்டார்.

ஆய்வு முறை

1879–80 ஆண்டுகளிலும், மீண்டும் 1883–84 ஆண்டுகளிலும் சோதனைகள் நடந்தன. சோதிக்கப்பட்டவர் அவர் ஒருவரே. முன்பே தெரிந்த சொற்களை மனம் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால், பொருளற்ற அசைகளைப் பயன்படுத்தினார். இரு மெய்யொலிகளுக்கிடையே ஓர் உயிரொலி வைத்து ஏறத்தாழ 2,300 அசைகளை உருவாக்கினார். அவற்றிலிருந்து பட்டியல்கள் அமைத்து, நிமிடத்திற்கு 150 அசைகள் என்ற சீரான வேகத்தில் பிழையின்றி ஒப்பிக்கும்வரை வாசித்தார்.

குறிப்பிட்ட நேரம் கழித்து அதே பட்டியலை மீண்டும் கற்றார். முதல்முறையைவிட எவ்வளவு நேரம் குறைந்தது என்பதே அவரது அளவுகோல். முதலில் 1,000 விநாடிகளும் மறுமுறை 700 விநாடிகளும் தேவைப்பட்டால், சேமிப்பு 30 விழுக்காடு. இதற்குச் சேமிப்பு முறை என்று பெயர்.

மறதி வளைவு

20 நிமிடங்களுக்குப் பின் சேமிப்பு 58.2 விழுக்காடாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் 44.2, ஒரு நாளில் 33.7, ஆறு நாட்களில் 25.4, 31 நாட்களில் 21.1 விழுக்காடு என அது குறைந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் இழப்பு மிகுதி. அதன்பின் வேகம் தணிந்துவிடுகிறது.

படித்ததில் எழுபது விழுக்காடு ஒரே நாளில் மறந்துவிடும் என்று இவ்வெண்களை விளக்குவது பொருந்தாது. இவை மறுகற்றலில் மிச்சமான உழைப்பின் அளவுகள். அதுவும் பொருளற்ற அசைகளுக்கு உரியவை. எபிங்ஹாஸ் ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதைப் பகுதிகளையும் மனனம் செய்து பார்த்தார். பொருளும் ஓசையும் கொண்ட அவற்றுக்கு, பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது.

இடைவெளியின் பயன்

12 அசைகள் கொண்ட பட்டியலை ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து வாசித்ததும், மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 முறை வாசித்ததும் மறுகற்றலில் ஒரே அளவு பயன் தந்தன. அதாவது, ஏறத்தாழப் பாதி உழைப்பில் அதே பலன் கிடைத்தது.

வகுப்பறையும் பணியிடமும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் 3,605 ஆறாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்து 1939-இல் முடிவுகளை வெளியிட்டார். நிலக்கடலை, மூங்கில் பற்றிய கட்டுரைகளைப் படித்த மாணவர்களுக்கு வெவ்வேறு நாட்களில் தேர்வு வைக்கப்பட்டது. படித்தவுடன் தேர்வு எழுதியவர்கள் பின்னர் மறந்தது குறைவு. மதிப்பெண் இடுவதற்கு மட்டுமன்றி, நினைவை உறுதிப்படுத்தவும் தேர்வு உதவும் என்பது இதனால் தெரிந்தது.

பிரித்தானிய அஞ்சல் துறை கடிதங்களை இயந்திரத்தால் பிரிக்கத் தொடங்கியபோது, ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி தேவைப்பட்டது. ஆலன் பேட்லி, லாங்மன் ஆகியோர் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்த முடிவுகள் 1978-இல் வெளியாயின. நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்ற குழுவுக்கே மிகக் குறைந்த மொத்த மணி நேரம் தேவைப்பட்டது. ஆயினும் பயிற்சி பல நாட்கள் நீண்டதால், அக்குழுவினர்க்கே மனநிறைவு மிகக் குறைவு. நாளுக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்கள் தம் முறையில் மிகவும் மகிழ்ந்திருந்தனர்.

மனம் தரும் தவறான கணிப்பு

இதே முரண்பாடு 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோரின் ஆய்விலும் வெளிப்பட்டது. ஒரு குழு உரைப்பகுதியை நான்கு சுற்று படித்தது. மற்றொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்து, மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது படித்த குழுவே முன்னிலை பெற்றது. ஒரு வாரம் கழித்து நிலை மாறியது: நினைவிலிருந்து எழுதியவர்கள் 61 விழுக்காட்டையும், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 40 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். ஆனால் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியிருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே.

தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் படிக்கும் வழக்கம் நீடிப்பதற்கு இதில் ஒரு விளக்கம் உள்ளது. ஒரே பக்கத்தை மீண்டும் வாசிக்கும்போது அது பழகிப்போய் எளிதாகத் தோன்றுகிறது. அந்த எளிமையையே அறிவு என மனம் எண்ணிக்கொள்கிறது. மறுநாள் தேர்வுக்கு அது உதவக்கூடும். அடுத்த ஆண்டுப் பாடம் அதன்மீது எழவேண்டியிருக்கும்போதுதான் இழப்பு தெரியவருகிறது.

அன்றாடப் பயன்பாடு

செருமானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் அட்டைப்பெட்டி முறையை அறிமுகப்படுத்தினார். அட்டையின் ஒருபுறம் கேள்வி, மறுபுறம் விடை. சரியாக விடை சொன்ன அட்டை அடுத்த அறைக்குச் சென்று நாள் கழித்தே திரும்பும். தவறிய அட்டை முதல் அறைக்கு வந்து விரைவில் மீண்டும் கேட்கப்படும். 2006-இல் வெளியான ஆங்கி போன்ற மென்பொருள்கள் இவ்வேலையைக் கணினியில் செய்கின்றன.

ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை 2013-இல் மதிப்பிட்டபோது தன்சோதனை, இடைவெளிப் பயிற்சி ஆகிய இரண்டுக்கே உயர்ந்த இடம் அளித்தனர். அடிக்கோடிடுதலும் மறுவாசிப்பும் கீழ்நிலையில் நின்றன. ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதுவதும், மறுநாளும் பின்னர் சில நாட்கள் விட்டும் அதையே திரும்ப எழுதிப் பார்ப்பதும் இதன் எளிய நடைமுறை. தாளும் எழுதுகோலும் இருந்தால் போதும்.

வரம்புகள்

எபிங்ஹாஸின் எண்கள் ஒரே மனிதரிடமிருந்து பெறப்பட்டவை. எனினும் யாப் முர்ரே, யோரி டிராஸ் ஆகியோர் 2015-இல் அச்சோதனையை மீண்டும் செய்தபோது, வளைவின் வடிவம் பெரிதும் ஒத்திருந்தது. எல்லாருக்கும் எல்லாப் பாடத்துக்கும் பொருந்தும் ஒரே கால அட்டவணை கிடையாது. நினைவில் வைக்கவேண்டிய காலம் நீளும்போது, இடைவெளியும் நீளவேண்டும் என்பதே பொது விதி. புரியாத பாடத்தை இடைவெளி விட்டுப் படிப்பதால் மட்டும் அது புரிந்துவிடாது. புரிந்தது நழுவாமல் காப்பதே இம்முறையின் பணி.